மகள் கவுன்ட்டரில் ஒரு ராமென் பார்சல்

பார்சல் என்று நான் சொன்னதே தப்பித்து ஓடுவதற்காகத்தான். கட்டி வாங்கிக்கொண்டு, வீட்டில் போய் உன் அம்மாவோடு சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, பெரியபாளையம் வருவதற்குள் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திக் கொட்டிவிடலாம் என்பது என் திட்டம். பெற்ற பெண் சமைத்ததைக் கீழே கொட்டத் திட்டம் போடுகிறவன் என்ன தகப்பன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வாடை உங்கள் மூக்கில் ஏறவில்லை, அதனால் தோன்றுகிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தாண்டி, ஆந்திரா போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது அந்த ஃபுட் ஹால். பெரிய கொட்டகைக்குக் கண்ணாடி போட்டு ஏ.சி. வைத்திருக்கிறார்கள். உள்ளே வரிசையாகக் கவுன்ட்டர்கள். ஒன்றில் தோசை, ஒன்றில் பிரியாணி, ஒன்றில் பீட்சா, கடைசி மூலையில் ராமென். ராமென் என்பது ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ். எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் நூடுல்ஸைப் போட்டு, மேலே பாதி வெந்த முட்டை, இறைச்சித் துண்டு, கடற்பாசித் தாள் எல்லாம் வைத்துத் தருவார்கள். பக்கத்துக் கம்பெனிகளில் இருக்கும் வெளிநாட்டுக்காரர்களை நம்பி ஆரம்பித்த கவுன்ட்டர் அது. அவர்கள் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டு, மறுமுறை தோசைக் கவுன்ட்டருக்குப் போய்விட்டார்கள் என்று மகளே ஒருநாள் போனில் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவள் அங்கே எட்டு மாதமாகச் சமையல் வேலையில் இருந்தாள். கேட்டரிங் படித்துவிட்டு, ஒரு கம்பெனி கேன்டீனில் கொஞ்ச நாள் இருந்து, அந்த ஒப்பந்தக்காரர் மாறியதும் வேலை போய், ஆறு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு கிடைத்த வேலை. கும்மிடிப்பூண்டியிலேயே நான்கு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்தக் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் வேறு ஊருக்குப் போகிறார், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நீதான் மேனேஜர், இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று முதலாளி சொல்லியிருந்தார். சமையல், சரக்கு, சுத்தம் எல்லாவற்றுக்கும் இனி அவள்தான் பொறுப்பு.

எங்கள் வீட்டில் யாரும் மேனேஜர் ஆனதில்லை. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று சுமந்தவர். நான் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மெஷின் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து, இருபத்திரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆனவன். சூப்பர்வைசர் என்றால் திட்டு வாங்குகிற இடம் மட்டும் உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மகளுக்கு வந்த கடிதத்தைப் பற்றி நாங்கள் குடியிருக்கும் மணவாள நகரில் நான் சொல்லாத ஆளில்லை. டீக்கடையில் சொன்னேன், முடிவெட்டுகிற கடையில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொல்லாத குறைதான். ஆனால் மகள் மட்டும் பத்து நாளாகக் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "யோசிச்சு சொல்றேன் நைனா" என்பாள். மேனேஜர் வேலைக்கு என்ன யோசனை? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காக்களூரில் மாதாந்திர மின்தடை. கரன்ட் இல்லை என்றால் பட்டறையும் இல்லை. காலையிலேயே வண்டியை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட வைக்காமல் திரும்புவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஃபுட் ஹால் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது ஃபினாயில் வாசனை. அதன்மேல் பீட்சாவின் சீஸ் வாசனை, அதன்மேல் பொரித்த எண்ணெய். ஒரே துணியால் எல்லா மேஜைகளையும் ஒருவர் துடைத்துக்கொண்டு போனார். துடைத்த இடம் துடைக்காத இடத்தைவிடப் பிசுபிசுப்பாக இருந்தது. நான் முழங்கையை எதிலும் படாமல் தூக்கிக்கொண்டே நடந்து மூலைக்குப் போனேன். அங்கே கால் தரையில் எட்டாத உயரத்தில் ஸ்டூல்கள். வயதானவன் ஏறி உட்காருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டு ஸ்டூல் தள்ளி, கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய ஒருவர் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஜப்பானில் சத்தம் வர உறிஞ்சுவதுதான் மரியாதையாம். சளி பிடித்த மூக்கை இழுக்கிற சத்தம் என் காதுக்குள் வந்து விழுந்தது. இந்த மரியாதையை யார் கேட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கறுப்பு ஏப்ரனும் தலையில் கறுப்புத் துணியுமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே ஏனோ வாடியும் விட்டது.

"இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"கரன்ட்டு கட்டு. சும்மா உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சாப்ட்டியா? அந்தாண்ட தோசை நல்லா கீது. நான் வாங்கியாரட்டா?"

"தோசை துன்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்? மேனேஜரம்மா கையால செஞ்சத குடு" என்றேன். பக்கத்து ஸ்டூல்காரருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

சொல்லிவிட்டு மூச்சை இழுத்தேன். அப்போதுதான் அடுப்பின் மேலிருந்த பெரிய பாத்திரத்தின் வாடை என்னை வந்து அடைந்தது. உடனே, "பார்சலா குடும்மா. ஊட்டுக்குப் போய் அம்மாவோட துன்னுக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டேன். மேலே சொன்ன திட்டம் அந்த நொடியில் பிறந்ததுதான்.

அவள் கட்ட ஆரம்பித்தாள். நூடுல்ஸை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டாள். சாற்றைக் கரண்டியால் மொண்டு வேறொரு டப்பாவில் ஊற்றினாள். சாறு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்மேல் ஒரு புட்டியிலிருந்து கறுப்பாக ஏதோ எண்ணெய் ஊற்றினாள். பூண்டைக் கருக்கி எடுத்த எண்ணெய். ஒரு கரண்டி ஊற்றி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். மூடியைப் போடப் போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மாக்கு வேணா நைனா. நீ இங்கியே சாப்புடு."

"இல்லம்மா, அவளும்..."

"ஊட்டுக்குப் போறதுக்குள்ள ஊறிப் போய் கூழாயிடும். இங்கியே சாப்புடு, எனக்கு எதிர்க்க."

டப்பாவில் இருந்த சாற்றை நூடுல்ஸ் மேல் ஊற்றி, என் முன்னால் வைத்தாள். கூடவே இரண்டு குச்சிகள். பார்சல் கிண்ணத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடவா முடியும்? மாட்டிக்கொண்டேன்.

குச்சி எனக்கு வராது. ஃபோர்க் கேட்டு வாங்கினேன். நூடுல்ஸைச் சுற்றி எடுத்தால் அது வழுக்கி மறுபடி கிண்ணத்துக்குள் விழுந்து என் சட்டையில் தெறித்தது. முட்டையைக் குத்தினேன். உள்ளிருந்து மஞ்சள் கரு கொழகொழவென்று வடிந்து வெள்ளைச் சாற்றில் ஓடியது. வேக வைக்காமல் எடுத்ததற்கு அதிக விலை வைத்திருக்கிறார்கள். கடற்பாசித் தாள் நனைந்து, அழுகின கீரை மாதிரி கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் பழக்கமில்லாதவனின் முகச்சுளிப்பு என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கிவிட்டேன். ஆனால் சாற்றை ஒரு வாய் எடுத்தபோது என் நாக்குக்கு அது பழக்கமில்லாதது அல்ல என்று தெரிந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் கூலன்ட் என்று ஒன்று உண்டு. மெஷின் இரும்பைச் சீவும்போது சூடு ஏறாமலிருக்க மேலே பாய்ச்சுகிற, எண்ணெய் கலந்த தண்ணீர். பார்வைக்குப் பால் மாதிரி இருக்கும். மெஷினுக்கு அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து மேலே போய், இரும்பைக் கழுவி, மறுபடி தொட்டிக்கே வரும். அதைக் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை முழுவதுமாக இறைத்துக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாகக் கலக்க வேண்டும். கொட்டுவதற்கு ஒருநாள் மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி குறையும். அதனால் குறைகிற அளவுக்கு மேலே மேலே ஊற்றி நிரப்புவோம். பழையதன் மேல் புதியது. ஞாயிறு ஒருநாள் ஓடாமல் தேங்கிக் கிடந்தால் போதும், திங்கட்கிழமை காலை பட்டறைக் கதவைத் திறக்கும்போது உள்ளே ஏதோ செத்துக் கிடப்பது போல ஒரு நாற்றம் வெளியே வரும். அதை அமுக்க வாசனை மருந்து ஊற்றுவோம். நாற்றம் போகாது, மருந்து வாசனையோடு சேர்ந்து நாறும்.

என் வாயில் இருந்தது அந்தத் திங்கட்கிழமை. பூண்டு எண்ணெய் மேலே நின்றது. அதற்கு அடியில் அதே புளிப்பு, அதே அழுகல். துப்புவதற்கு இடம் தேடினேன். எதிரில் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விழுங்கினேன்.

"எப்படி கீது நைனா?"

"பிரமாதம்மா" என்றேன். கண்ணில் தண்ணீர் நின்றது. காரம் என்று சொல்லிக் கையால் விசிறிக்கொண்டேன். அதில் காரமே இல்லை.

"நெஜமாவா?"

"நெஜமாதான். உன் அம்மா ஆயுசுக்கும் இப்படி ஒண்ணு செஞ்சதில்ல." அது உண்மை.

அவள் முகம் தொங்கிப்போனது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் படிக்கத் தெரியாமலா இத்தனை வருடம் வளர்த்தேன்? படிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி. இன்னும் இரண்டு வாய் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றேன். நூடுல்ஸை மென்றால் சாறு வாயில் அதிக நேரம் நிற்கிறது என்று மெல்லாமலே விழுங்கினேன். பக்கத்து ஸ்டூல்காரர் பாதியில் எழுந்து, கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். மரியாதையெல்லாம் பாதிக் கிண்ணத்தோடு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அவர் போனதும் நான் வந்த காரியத்துக்கு வந்தேன்.

"லெட்டர்ல கையெழுத்து போட்டியாம்மா?"

"இன்னும் இல்ல."

"இன்னாத்துக்கு இழுக்கிற? இப்படி வாய்க்கு ருசியா சமைக்கிற, மேனேஜர் ஆகறதுக்கு இன்னா கொற? எல்லாருக்கும் சொல்லிட்டேன். பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டாரு."

"நைனா, நெஜமா உனக்கு ஒண்ணும் தெரியலியா?" அவள் கவுன்ட்டர் மேல் குனிந்து என் கண்ணுக்கு நேராகக் கேட்டாள். "உன் மூக்குக்குத் தெரியும்னுதான் உன்ன துன்ன சொன்னேன். அம்மாவா இருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு கிளிப் அட்டையில் தாள் தொங்கியது. எங்கள் பட்டறையில் ஒவ்வொரு மெஷினிலும் தொங்குகிற அதே மாதிரி செக் ஷீட். இடப்பக்கம் தேதிகள், மேலே கட்டங்கள். பழைய சூப் கொட்டப்பட்டதா, பாத்திரம் கழுவப்பட்டதா, புதிய சூப் வைக்கப்பட்டதா, சூடு பார்க்கப்பட்டதா. சூடு பார்க்கிற கட்டம் மட்டும் காலை, பகல், மாலை நான்கு மணி, இரவு எட்டு மணி என்று நான்காகப் பிரிந்திருந்தது.

அப்போது மணி ஒன்று. அன்றைய தேதிக்கு நேரே, இரவு எட்டு மணிக் கட்டத்திலும் டிக் இருந்தது.

டிக்குகளைப் பார்த்தேன். சில நீல மையில், சில கறுப்பு மையில். சில சாய்ந்து, சில நிமிர்ந்து. இரண்டு மூன்று ஆட்கள் மாறி மாறி வேலை பார்த்துப் போட்டது போன்ற தோற்றம். தாளின் ஓரத்தில் இரண்டு இடத்தில் எண்ணெய் விரல் பட்ட கறை. அந்தத் தாளை நிரப்பியது யார் கை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பட்டறைக்கு ஆடிட் வந்தது. எங்களிடம் சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் சோதனை போடத் திங்கட்கிழமை வருகிறார்கள், ஒரு வருடத்து கூலன்ட் செக் ஷீட் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள். எங்களிடம் ஒரு மாதத்துக்குக்கூட இல்லை. வெற்றுத் தாள்களைக் கட்டாக வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் கை நடுங்குகிற கை. மகளுக்கு நல்ல கை. பாயை விரித்து உட்கார வைத்து, மூன்று பேனா கொடுத்து, டிக் போடச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி போடாதே, பேனாவை மாற்றிக்கொண்டே இரு, நடுவில் ஒன்றிரண்டைக் கோணலாகப் போடு என்று சொல்லிக்கொடுத்தேன். கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு ஓரத்தில் அழுத்தினால் பட்டறையில் தொங்கிய தாள் மாதிரியே இருக்கும் என்று செய்தும் காட்டினேன். அவள் ஒரு மாதம் முடித்ததும் நிமிர்ந்து, "நைனா, ஞாயித்துக்கெழமைக்கும் போட்டுட்டேன், அன்னிக்குத்தான் லீவாச்சே" என்றாள். ஒரு பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தோம். எவ்வளவு புத்திசாலிப் பெண் என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்லி மாய்ந்துபோனேன். ஆடிட் பாஸ். அன்று அவளுக்குக் கொத்து பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடமும் அவள்தான் போட்டாள். அதற்கடுத்த வருடமும்.

"எத்தன நாளு சூப்பு இது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"வியாழக்கெழம வெச்சது. ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெப்போம். கரன்ட்டு போனா அதுவும் இல்ல. காலைல எடுத்து, மேல தண்ணியும் சூப்பு பவுடரும் போட்டு கொதிக்க வெப்போம். வாட வந்தா எண்ணெய் ஜாஸ்தியா ஊத்த சொல்வாங்க."

"கீழ ஊத்த வேண்டியதுதான?"

"எலும்பு வாரத்துக்கு ரெண்டு தரந்தான் வரும். விக்காதத கீழ ஊத்துனா நஷ்டமாம். ஒரு தடவ ஊத்துனேன். முதலாளி போன்ல கத்தினாரு. அப்பறம் மேனேஜர் இந்த பேப்பர குடுத்து, நீயே போட்டு வெச்சிடுன்னாரு." திரும்பி அந்தத் தாளைப் பார்த்தாள். "நம்ம ஊட்ல போட்டதுதான நைனா. கை தானா போட்டுச்சு. கையெழுத்து போட்டா இனிமே எல்லாம் என் பேருலதான். அதான் இது கெட்டுப்போச்சுன்னு உன்ன மாதிரி ஒருத்தரு வாயால கேக்கலாம்னு இருந்தேன். நீ பிரமாதம்ன்ற."

எனக்குக் குமட்டியது. இந்த முறை கிண்ணத்தைப் பார்த்து அல்ல. அது இரும்புக்கு ஊற்றுகிற தண்ணீர், இது மனுஷன் வாய்க்குப் போவது, இரண்டும் ஒன்றாகுமா என்று சொல்லிப் பார்க்க நினைத்தேன். ஆனால் எங்கள் பட்டறையிலும் அந்தத் தண்ணீரில் நாள் முழுக்கக் கை நனைக்கிற ஆட்களுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சீழ் பிடிக்கும். களிம்பு போடுங்கப்பா என்று சொல்லிவிட்டு டிக் போட்டுக்கொண்டு போகிறவன் நான். எந்த முகத்தோடு வித்தியாசம் சொல்வது?

அந்த நேரம் பார்த்து மூன்று பெண்கள் வந்து கவுன்ட்டரில் நின்றார்கள். பக்கத்துக் கம்பெனி ஒன்றின் சட்டை, கையில் கொலுசு மாதிரி சத்தம் போடுகிற சாவிக்கொத்து, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்க வேண்டும். ஒருத்திக்கு அன்று பிறந்தநாள். மற்ற இரண்டு பேரும் அவளை முன்னால் தள்ளினார்கள்.

"அக்கா, ஒரு ராமென். மூணு பேரும் சேர்ந்து சாப்புடுவோம், பரவால்லியா?" என்று கேட்டு, அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள். "போன்ல பாத்துக்கினே இருப்போங்க்கா. இன்னிக்குத்தான் வந்தோம்."

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு, அதற்குத்தான் காத்திருந்தாள். நான் என்ன செய்தேன் என்பதை எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் இதையெல்லாம் எழுதியதே வீண். கவுன்ட்டருக்கு மேல் குனிந்து, அந்தப் பெண்களுக்குக் கேட்காத குரலில், "இன்னிக்கு ஒருநாள் குடுத்துடும்மா. நாளைக்கு மாத்திக்கலாம்" என்றேன்.

இருபத்திரண்டு வருடம் பட்டறையில் சொன்ன அதே வார்த்தை. வாய் கூசவே இல்லை.

மகள் என்னை ஒரு விநாடி பார்த்தாள். அப்படி அவள் என்னை அதுவரை பார்த்ததில்லை. தரையில் கிடக்கும் எதையோ மிதித்துவிடக் கூடாது என்று பார்க்கிற பார்வை. பிறகு திரும்பி அடுப்பை அணைத்தாள்.

"முடிஞ்சிடுச்சும்மா. அந்தாண்ட தோசை நல்லா கீது, அங்க சாப்புடுங்க."

"அதோ பானை நெறைய கீதே அக்கா" என்றாள் பிறந்தநாள் பெண், பாவமாக.

மகள் இரண்டு கைப்பிடித் துணிகளை எடுத்துப் பாத்திரத்தைப் பிடித்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"பைத்தியமா உனக்கு? வேல பூடும்" என்றேன். இப்போது சத்தமாகவே சொல்லிவிட்டேன். "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்!"

அவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு என் அருகில் வந்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்த என் கிண்ணத்தை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"சரி. இத முழுசா குடிச்சிடு நைனா. நீ குடி, நான் அவங்களுக்கு ஊத்தறேன். கையெழுத்தும் போடறேன்."

கிண்ணத்தைத் தூக்கினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், குடித்துவிடலாம் என்றுதான் தூக்கினேன். சாறு ஆறியிருந்தது. மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்து, என் மூச்சுப் பட்டதும் சுருங்கியது. உதடு விளிம்பைத் தொட்டதும் உள்ளே போன மூன்று வாயும் மேலே வரப் பார்த்தன. மூன்று பெண்களும் என்னையே பார்த்தார்கள். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். கொஞ்சம் கவுன்ட்டர் மேல் சிந்தியது.

பின்னால் சாறு முழுவதும் சிங்க்கில் இறங்குகிற சத்தம் கேட்டது. நாற்றம் கவுன்ட்டர் முழுக்கப் பரவியது. அந்தப் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"கெட்டுப்போச்சும்மா" என்று அவர்களிடம் சொன்னேன். "அஞ்சு நாளு பழசு. தெரிஞ்சேதான் குடுத்துக்கினு இருந்தோம்."

"தெரிஞ்சா நீங்க ஏன் சாப்ட்டீங்க?" என்று கேட்டாள் பிறந்தநாள் பெண். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

மகள் காலிப் பாத்திரத்தோடு நின்றாள். அவளும் அந்தப் பதிலுக்காகத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"மேனேஜருக்கு அப்பனா இருக்கணும்னு ஆச பட்டேன்மா" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மூன்று பேரும் தோசைக் கவுன்ட்டர் பக்கம் போனார்கள். மகள் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்ட ஆரம்பித்தாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அவள் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.